மீதியை வெள்ளித்திரையில் காண்க

புதிய தமிழ்ப்படம் ஒன்று வெளிவரப் போகிறதென்றால், அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே அதன் முன்னோட்டம் கைத்தொலைபேசி வழியாக நம் இல்லங்களுக்குள் நுழைந்துவிடுகிறது. பொகவந்தலாவையின் உச்சித் தோட்டமாயினும் சரி, நுவரெலியா நகரின் நடுத்தெருவாயினும் சரி, தொலைபேசி அலை எட்டும் இடமெல்லாம் அதுவும் எட்டுகிறது. உடனே வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. "தங்கச்சி, இங்க வந்து பாரு" என்று அண்ணன் அழைக்கிறான். "வேணாம் அண்ணே! எல்லாத்தையும் இப்பவே பாத்துட்டா அங்க போயி என்னத்தப் பாக்குறது?" என்று தங்கை காதைப் பொத்திக்கொள்கிறாள். "காசு குடுக்குறதுக்கு முன்னாடி என்னா படம்னு தெரிஞ்சுக்க வேணாமா?" என்று அவன் திருப்பிக் கேட்கிறான். இருவர் கூற்றிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே இவ்வழக்கைச் சிறுபிள்ளைச் சண்டையென்று தள்ளிவிடாமல் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

பொழுதுபோக்கைப் பற்றி இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். செல்வர்க்குத் திரைப்படம் வெறும் பொழுதுபோக்காக இருக்கலாம். தோட்டத்துக் குடும்பத்துக்கோ அது கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய செலவு. 2024 ஆம் ஆண்டு செப்டெம்பரில் தேயிலைத் தொழிலாளரின் ஆகக் குறைந்த நாட்கூலி 1,350 ரூபா என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தாய், தந்தை, பிள்ளைகள் இருவர் என நால்வர் தோட்டத்திலிருந்து அட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ இறங்கிச் சென்று படம் பார்த்துத் திரும்புவதென்றால், பேருந்துக் கட்டணம், நுழைவுச்சீட்டு, பிள்ளைகளுக்கு வாங்கும் தின்பண்டம் ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் மலையில் நின்று கொழுந்து பறித்துப் போட்ட ஒரு முழுப் பெயரின் கூலி அதில் கரைந்துவிடும். ஓய்வுக்கென்று கிடைக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையும் அதிலேயே கழியும். இப்படிச் செலவாகும் பொருளும் பொழுதும் நல்ல வழியில் செலவாக வேண்டுமென்று எண்ணுவது குற்றமாகுமா?

முதலில் இம்முன்னோட்டம் எங்கிருந்து வந்தது என்பதை அறிவோம். ஆங்கிலத்தில் இதற்கு 'டிரெய்லர்' என்று பெயர். பின்னால் இழுபட்டு வருவது என்பது அச்சொல்லின் பொருள். முன்னால் வரும் ஒன்றுக்குப் பின்னால் வருவதென்ற பெயர் ஏன் வந்தது? ஆதியில் இது படம் முடிந்த பிறகு, அதன் வாலைப் போலக் காட்டப்பட்டது. 1913 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் மார்க்கஸ் லோ என்பவரின் அரங்குகளுக்கு விளம்பரப் பொறுப்பாளராக இருந்த நில்ஸ் கிரான்லண்ட் என்பவர், வரவிருந்த ஒரு மேடை நாடகத்தின் ஒத்திகையைச் சிறு படமாக எடுத்துத் திரையிட்டார். இன்றைய முன்னோட்டங்களின் மூதாதை அதுவே என்பர். படம் முடிந்ததும் சனங்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவதைக் கண்ட அரங்குக்காரர்கள் பின்னர் அதனை முன்னே கொண்டுவந்து வைத்தார்கள். வால் தலையாயிற்று; பெயர் மட்டும் மாறவில்லை.

ஆனால் வரப்போகும் கதையை முன்கூட்டிச் சிறிது சொல்லி ஆளைக் கூட்டும் கலையை மேல்நாட்டார்தாம் நமக்குக் கற்பித்தார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. 1931 இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ் பேசும் படங்களின் காலம் தொடங்கிய பின்னர், படக்கொட்டகைகளின் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கும் வழக்கம் வேரூன்றியது. சில பக்கங்களே கொண்ட மலிவான அச்சுப் புத்தகம் அது. நடிகர் பெயர்களும் பாடல்களும் அதில் இருக்கும். அவற்றோடு 'கதைச் சுருக்கம்' என்று ஒரு பகுதியும் இருக்கும். கதாநாயகி யார், அவளுக்கு நேர்ந்த இடுக்கண் என்ன, வில்லனின் சூழ்ச்சி எத்தகையது என்றெல்லாம் விறுவிறுப்பாகச் சொல்லிக்கொண்டே வந்து, முடிச்சு நன்றாக இறுகும் இடத்தில் எழுத்து சட்டென்று நின்றுவிடும். அவளுடைய கதி என்னவாயிற்று என்ற கேள்விகள் ஒன்றிரண்டு வரும். அவற்றின் கீழே, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்றிருக்கும்.

அந்த ஒரு வரியில் ஒரு தொழில் தருமமே அடங்கியிருந்தது. கதையின் வாசலை மட்டும் திறந்து காட்டுவது வியாபாரியின் கடமை. உள்ளே நுழைந்து பார்ப்பது காசு கொடுத்தவனின் உரிமை. இவ்வெல்லையைப் பாட்டுப் புத்தகம் எழுதியவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். வாசகனின் ஆவலைத் தூண்டினார்களேயன்றி அதனைத் தீர்த்து வைக்கவில்லை.

இலங்கையில் வானொலி இப்பணியை வேறொரு விதமாகச் செய்தது. 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிய பின்னர், திரைப்பாடல்கள் படம் வருமுன்னரே மலைநாட்டு லயங்களில் ஒலித்தன. படத்தின் வசனங்களையும் பாடல்களையும் தொகுத்து ஒலிபரப்பும் 'ஒலிச்சித்திரம்' என்ற நிகழ்ச்சி, திரையைக் காணாதவர் மனத்தில் திரையை விரித்தது. பிற்காலத்தில் கே. எஸ். ராஜா தமது 'திரை விருந்து' நிகழ்ச்சியில், ஓடிக்கொண்டிருக்கும் படங்களைப் பற்றி மின்னல் வேகத்தில் அறிவித்து நேயர்களைக் கட்டிப்போட்டார். காட்சி ஏதுமின்றிக் குரலாலேயே அமைந்த முன்னோட்டம் அது. கேட்பவருடைய கற்பனைக்கு அதில் நிறைய இடம் இருந்தது.

இங்கே ஒரு வேடிக்கையான உண்மையையும் கவனிக்க வேண்டும். 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற வானொலித் தொடர் நாடகம் இந்நாட்டுத் தமிழ் நேயரிடையே பெரும் புகழ் பெற்றது. அதில் வந்த பாத்திரங்களையே கொண்டு 1976 இல் 'கோமாளிகள்' என்ற இலங்கைத் தமிழ்ப்படம் வெளிவந்தது. மரைக்கார் முதலான பாத்திரங்கள் எப்படிப் பேசுவார்கள், எதற்குச் சிரிக்கவைப்பார்கள் என்று சனங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்ததனால் அவர்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. தெரிந்த குரலுக்குரிய முகத்தைக் காண வேண்டுமென்றே அரங்குக்குச் சென்றார்கள்.

முன்பே தெரிந்திருத்தல் இரசனையைக் கெடுக்கும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியன்று. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். கம்பம் நட்ட நாள் தொட்டே எல்லோருக்கும் முடிவு தெரியும். தவத்தில் இருக்கும் சிவன்மீது மன்மதன் மலர்க்கணை தொடுப்பான், நெற்றிக்கண் திறக்கும், அவன் எரிந்து சாம்பலாவான். இக்கதையை அறியாத பிள்ளை தோட்டத்தில் இல்லை. ஆயினும் தப்பு முழங்கத் தொடங்கியதும் லயம் முழுவதும் திரண்டு வருகிறது. 'போகாதே' என்று ரதி தடுக்கும்போது, இம்முறையாவது அவன் கேட்டுவிட மாட்டானா என்று நெஞ்சம் ஏங்குகிறது. ரதியின் புலம்பலில் மூதாட்டிகள் இன்றும் கண்ணீர் வடிக்கிறார்கள்.

அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கூத்தும் அப்படித்தான். அர்ச்சுனன் பாசுபதம் பெறுவான் என்பது தெரியும். அண்ணன்மார் படுகளத்தில் வீழ்வார்கள் என்பதும் தெரியும். ஆகவே, என்ன நடக்கும் என்பதைக் காண அங்கே எவரும் போவதில்லை. இவ்வாண்டு அர்ச்சுனன் வேடம் கட்டியவர் எப்படிப் பாடுகிறார், தபசு மரத்தில் எப்படி ஏறுகிறார் என்று பார்க்கவே போகிறார்கள். நிகழ்ச்சியின் பொருட்டு அன்றி, அது நிகழும் விதத்தின் பொருட்டுப் பார்க்கும் இந்த இரசனை நம் மக்களுக்குப் பழகிப்போன ஒன்று.

மனோதத்துவ நிபுணர்களும் இப்பொருளை ஆராய்ந்திருக்கிறார்கள். 2011 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்பெல்ட் என்ற இருவர், 12 சிறுகதைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். சிலருக்குக் கதையின் முடிவை முன்னரே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தனர். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தனர். முடிவை அறிந்து படித்தவர்களே சராசரியில் சற்று அதிகமாக இரசித்தார்கள் என்று அவ்வாய்வு கண்டது. அண்ணன் கட்சிக்கு இது பெரும் துணை! ஆனால் அவசரப்பட வேண்டாம். 2015 இல் ஜோன்சன், றோசன்போம் என்ற வேறிருவர் நடத்திய ஆய்வு இதற்கு மாறாக இருந்தது. முடிவை அறியாமல் படித்த கதைகளையே வாசகர்கள் கூடுதல் சுவையும் பரபரப்பும் உடையனவாகக் கருதினர் என்று அது கூறிற்று. தங்கையின் கட்சிக்கும் துணை கிடைத்துவிட்டது.

பண்டிதர்கள் இவ்வாறு முரண்படுவதற்குக் காரணம் யாது? கதைகள் எல்லாம் ஒரே சாதியைச் சேர்ந்தவை அல்ல என்பதே. 'எப்படி' என்பதில் உயிர் வைத்த கதைகள் உண்டு. 'யார்', 'என்ன' என்பதில் உயிர் வைத்த கதைகளும் உண்டு. காமன் கூத்து முதல் வகை. இரண்டாம் வகைக்கு நம் தமிழ்த் திரையிலேயே ஒரு சிறந்த உதாரணம் இருக்கிறது. 1954 இல் ஏவி. எம். நிறுவனத்துக்காக எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் ஒரு பாடல்கூட இல்லை. பாட்டின்றிப் படமில்லை என்றிருந்த காலத்தில் அது பெருந்துணிவு. படம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் சுட்டுக் கொல்லப்படுகிறது. சுட்டது யார்? ஒவ்வொருவரும் தத்தம் பார்வையில் நடந்ததைக் கூறக் கூற, ஐயம் ஒருவரை விட்டு இன்னொருவர்மேல் தாவுகிறது. இப்படத்தைக் காணாத இளைஞர்கள் இன்றும் பலர் இருப்பர். ஆகவே விடையை இங்கே எழுதுவது அவர்களுக்குச் செய்யும் துரோகமாகும்.

இலண்டன் மாநகரில் அகதா கிறிஸ்டி எழுதிய 'மௌஸ்டிராப்' என்ற துப்பறியும் நாடகம் 1952 இல் அரங்கேறியது. கொள்ளைநோய்க் காலத்தில் தடைப்பட்டதைத் தவிர, தலைமுறை தலைமுறையாக அது மேடையில் இருந்து வந்திருக்கிறது. நாடகம் முடிந்ததும் நடிகர் ஒருவர் முன்வந்து, கொலையாளி யாரென்பதை வெளியே எவருக்கும் சொல்லிவிடாதீர்கள் என்று பார்வையாளரைக் கேட்டுக்கொள்வது மரபு. இத்தனை ஆண்டுகளாகச் சனங்கள் அவ்வேண்டுகோளைப் பெரும்பாலும் மதித்து வந்திருக்கிறார்கள். பிறருடைய ஆவலைக் காப்பதும் ஒரு நாகரிகம் என்பதை இது காட்டவில்லையா?

முன்னோட்டம் செய்பவனே அந்நாகரிகத்தைக் காப்பதும் இயலும். 1960 இல் அல்பிரட் ஹிட்ச்கொக் தமது 'சைக்கோ' படத்துக்குச் செய்த முன்னோட்டத்தில் அவரே தோன்றினார். கொலை நடந்த இடங்களைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியைப்போல அறை அறையாக நடந்தார். சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கினார். இடத்தைக் காட்டினாரேயன்றி மர்மத்தைக் காட்டவில்லை. படம் தொடங்கிய பிறகு எவரையும் அரங்கினுள் விடலாகாது என்றும் கட்டுப்பாடு விதித்தார். நம் பாட்டுப் புத்தகக்காரரும் அந்த ஆங்கிலேய இயக்குநரும் ஒருவரையொருவர் அறியார்; ஆயினும் இருவரும் ஒரே இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர்கள்.

இக்காலத்து முன்னோட்டங்கள் பலவற்றில் அந்த நிறுத்தம் இல்லை என்பதே தங்கையின் முறைப்பாடு. படம் வெளியான முதற் சில நாட்களிலேயே கூட்டம் சேர வேண்டும் என்ற அவசரம் தயாரிப்பாளரைப் பிடித்து ஆட்டுகிறது. ஆகையால் கடையில் உள்ள நல்ல பண்டம் அத்தனையையும் வாசற் பலகையிலேயே பரப்பிவிடுகிறார். படத்தில் உள்ள நகைச்சுவைகளில் சிறந்தது இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. சண்டைகளில் பெரியதும் வந்துவிடுகிறது. நண்பனே பகைவன் என்ற திருப்பத்தைக்கூடச் சில முன்னோட்டங்கள் போட்டு உடைத்துவிடுகின்றன. பிறகு அரங்கில் உட்கார்ந்திருப்பவன், தனக்குத் தெரிந்த துண்டுகள் எப்போது வரும் என்று எதிர்பார்த்து, அவை வந்ததும் சரிபார்த்துக்கொள்ளும் கணக்கப்பிள்ளையாகிவிடுகிறான்.

இதற்கு மறுபுறமும் உண்டு. உள்ளதை எல்லாம் சொல்லிவிடுவது ஒரு குற்றமென்றால், இல்லாததை இருப்பதாகக் காட்டுவது இன்னொரு குற்றம். ஒரு காட்சியில் கேட்கப்பட்ட கேள்விக்கு வேறொரு காட்சியின் விடையைக் கொண்டுவந்து ஒட்டுவது முன்னோட்டத் தொகுப்பாளரின் வழக்கமான கைவேலை. அழுகைப் படத்தைச் சிரிப்புப் படமாக்கிக் காட்டவும் அவரால் முடியும். படத்தின் இறுதித் தொகுப்பு முடியுமுன்னரே முன்னோட்டம் தயாராகிவிடுவதால், அதில் கண்ட காட்சி படத்தில் இல்லாமலே போவதும் உண்டு.

இது குறித்து இந்தியாவில் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2016 இல் ஷாருக் கான் நடித்த 'ஃபேன்' என்ற இந்திப்படம் வெளிவந்தது. அதன் விளம்பரங்களில் ஒரு பாடல் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. மகாராட்டிர மாநிலத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஒருவர் அதனைக் கண்டு, குடும்பத்தோடு படம் பார்க்கச் சென்றார். படத்திலோ அப்பாடல் இல்லை. ஏமாற்றமுற்ற பிள்ளைகள் இரவு உணவை மறுத்தனர் என்றும், அதனால் உடல்நலம் குன்றி மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது என்றும் அவர் நுகர்வோர் மன்றத்தில் முறையிட்டார். மாவட்ட மன்றம் முறைப்பாட்டைத் தள்ளியது. மேன்முறையீட்டில் மாநில ஆணையம் அவருக்கு 10,000 ரூபா நட்டஈடும் 5,000 ரூபா வழக்குச் செலவும் கொடுக்கும்படி கட்டளையிட்டது. தேசிய ஆணையமும் அதனை ஏற்றது. தயாரிப்பு நிறுவனமான யாஷ் ராஜ் உச்ச நீதிமன்றத்தை நாடியது.

2024 ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. முன்னோட்டம் என்பது படத்தைப் பற்றிப் பேசவைக்கும் ஒரு விளம்பரமே. அதிற் காட்டியதெல்லாம் படத்தில் இருக்கும் என்ற வாக்குறுதி ஆகாது. நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே அது ஓர் ஒப்பந்தத்தை உண்டாக்குவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அமெரிக்காவிலும் இவ்வாறே, 2019 இல் வெளிவந்த 'யெஸ்டர்டே' படத்தின் முன்னோட்டத்தில் தோன்றிய நடிகை படத்தில் இல்லை என்று இரசிகர் இருவர் வழக்குத் தொடுத்தனர். முன்னோட்டமும் வணிக விளம்பரமே. பொய் விளம்பரத்துக்கான சட்டம் அதற்கும் பொருந்தலாம் என்று 2022 இல் நீதிபதி ஒருவர் கூறினார். எனினும் வழக்கு இறுதியில் வெற்றி பெறவில்லை.

சட்டத்தின் நுணுக்கம் எப்படியாயினும், நமக்கு இதிலிருந்து விளங்கும் பாடம் ஒன்றே. முன்னோட்டத்தை நம்பிப் போனவனுக்கு நீதிமன்றம் காசைத் திருப்பி வாங்கித் தராது. பிள்ளைகளின் ஆசையை எவ்வளவு தூரம் வளரவிடுவது என்பதைத் தாய் தந்தையர்தாம் தீர்மானிக்க வேண்டும். சந்தையில் மேலே அடுக்கிய தக்காளியை மட்டும் பார்த்து எவரும் கூடையை வாங்குவதில்லை; அடியில் இருப்பதையும் கிளறிப் பார்க்கிறோம். படத்தில் அடியைக் கிளற வழியில்லை என்பதனால், மேலே கண்டதைப் பாதி மட்டும் நம்புவதே விவேகம்.

மலையகத்தார் நன்றாக நினைவில் கொள்ளத்தக்க ஒரு முன்னோட்டமும் உண்டு. இயக்குநர் பாலாவின் 'பரதேசி' 2013 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்தது. பி. எச். டேனியல் என்ற மருத்துவர் 1969 இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட 'ரெட் டீ' என்னும் நாவலைத் தழுவியது அப்படம். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அந்நாவல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்திருக்கிறது. கங்காணியின் இனிய சொற்களை நம்பி ஊரை விட்டு நடந்த மக்கள், தேயிலைத் தோட்டத்தில் முன்பணக் கடனுக்கு அடிமைகளாகி, கொள்ளைநோயில் மடிந்த கதை அது. அதன் களம் தமிழ்நாட்டு மலைகள்தாம். ஆயினும் மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்து, காட்டை அழித்துத் தோட்டமாக்கிய நம் பாட்டன் பூட்டன்மாரின் கதைக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

படம் வெளிவருவதற்குச் சில நாட்களுக்கு முன் அதற்கொரு குறு முன்னோட்டம் வெளியிடப்பட்டது. கதையை விட்டு, படப்பிடிப்பின் காட்சிகளையே அதில் தொகுத்திருந்தார்கள். இயக்குநர் தடியைக் கையில் எடுத்து நடிகர்களை விளாசுவதுபோல அதில் தெரிந்தது. அது சில நாட்களில் உலகமெங்கும் பரவிற்று. அயல்நாட்டார் பலர் வெகுண்டனர். நடித்துக் காட்டிய விதமே அது, மெய்யான அடியன்று என்று படக்குழுவினர் விளக்கம் கூறினர். விளக்கம் ஒருபுறம் இருக்க, விளைவைப் பாருங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் தோட்டத் தொழிலாளியின் முதுகில் விழுந்த அடியைப் பற்றி உலகம் பேச வேண்டிய நேரத்தில், படப்பிடிப்பில் விழுந்தது மெய்யடியா பொய்யடியா என்று பேசிக்கொண்டிருந்தது. அக்குறும்படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனவர்களில் எத்தனை பேர் முழுப்படத்தைக் கண்டிருப்பார்கள்? ஒரு சமுதாயத்தின் துயரக் கதை அதன் சொந்த விளம்பரத்தாலேயே மறைக்கப்பட்டது என்று கூறின் மிகையாகாது.

மாணவர்களுக்கு இதில் ஒரு தனிப்பாடம் உண்டு. இரண்டு நிமிடத் துண்டைக் கண்டு முழுமையைக் கண்டதாக எண்ணும் பழக்கம் திரைப்படத்தோடு நின்றுவிடுவதில்லை. பாடநூலில் உள்ள நாவலைப் படிக்காமல் அதன் சுருக்கத்தையும் வினாவிடையையும் மட்டும் படித்துப் பரீட்சைக்குப் போகிறவன், முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டுப் படம் பார்த்ததாகச் சொல்கிறவனே. செய்தியின் தலைப்பை மட்டும் வாசித்து வாதாடுகிறவனும், ஒருவருடைய பேச்சில் வெட்டியெடுத்த ஒரு வரியைக் கேட்டு அவரைத் தூற்றுகிறவனும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. முழுவதையும் பொறுமையாக இருந்து காணும் பழக்கம், மனிதரை எடைபோடுவதற்கும் உதவும்.

அப்படியாயின் முன்னோட்டத்தைப் பார்க்கலாமா, தவிர்க்கலாமா? இரண்டுக்கும் இடம் உண்டு. எதற்கு எது என்று தெரிந்துகொள்வதே அறிவு. துப்பறியும் கதை, மர்மக் கதை, திடீர்த் திருப்பத்தில் உயிர் வைத்திருக்கும் கதை ஆகியவற்றின் முன்னோட்டத்தைத் தவிர்ப்பதே நலம். இயக்குநர் யார், நடிப்பவர் யார் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புராணம், வரலாறு, முன்பே படித்த நாவல் ஆகியவற்றைத் தழுவிய படமாயின் தாராளமாகப் பாருங்கள். அங்கே கெடுவதற்கு இரகசியம் எதுவும் இல்லை. தொடக்கத்தில் வெளியிடும் குறு முன்னோட்டம் பெரும்பாலும் வாசலைக் காட்டும்; பின்னர் வரும் நீண்ட முன்னோட்டம் வீட்டையே சுற்றிக்காட்டிவிடும். ஆகையால் முதலதோடு அமைவது நன்று.

பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் முன்னோட்டத்தை ஒரு முறை தாங்கள் தனித்துப் பார்ப்பது அவசியமே. ஆனால் அதைவிட முக்கியமாகத் தணிக்கைச் சான்றிதழைக் கவனியுங்கள். இந்தியப் படங்களுக்கு யாவரும் பார்க்கத்தக்கது என்பதற்கு 'யு' என்றும், வயதுவந்தோர்க்கு மட்டும் என்பதற்கு 'ஏ' என்றும் முத்திரை இடுகிறார்கள். பெற்றோர் துணையோடு பார்க்க வேண்டிய 'யுஏ' வகையை, 2024 ஆம் ஆண்டின் புதிய விதிகள் 7, 13, 16 என்ற வயதுகளின்படி மூன்றாகப் பிரித்திருக்கின்றன. முன்னோட்டம் ஆசை காட்டும்; சான்றிதழோ அளவு சொல்லும். குடும்பத்தலைவிக்கு இரண்டாவதே அதிகம் பயன்படும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். முன்னோட்டத்தைப் பார்ப்பது பார்ப்பவர் விருப்பம். பார்க்க விரும்பாதவர் காதில் அதனை ஊதுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. பேருந்திலும் பிரட்டுக் களத்திலும் வகுப்பறையிலும் முடிவை உரக்கச் சொல்லி மகிழ்பவர், இன்னொரு குடும்பம் ஒரு நாட்கூலி கொடுத்து வாங்கப்போகும் வியப்பைக் காசு கொடுக்காமல் பறித்துக்கொள்கிறார்.

திருமண அழைப்பிதழில் மணமக்கள் பெயர் இருக்கும். நாளும் நேரமும் இடமும் இருக்கும். தாலி கட்டும் வேளையில் மணமகளின் முகத்தில் தோன்றும் நாணத்தை எந்த அச்சுக்கூடமும் அதில் அச்சிட்டதில்லை. அதனைக் காண நேரிலேதான் செல்ல வேண்டும். முன்னோட்டமும் அந்த அளவில் நின்றால் நல்ல அழைப்பிதழாகும். வரம்பு மீறும்போது அதனை அணைத்துவிடும் உரிமை நம் விரல் நுனியில் இருக்கிறது.